எள்–வேர்க்கடலை நூடுல்ஸ்: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேகவைத்து ஆறவைத்த கோதுமை நூடுல்ஸை, வறுத்து அரைத்த எள்ளும் வேர்க்கடலையும் சேர்ந்த கெட்டியான சாஸில் புரட்டி, மேலே வெள்ளரிக்காயும் வெங்காயத்தாளும் தூவி உண்பதுதான் இந்த உணவு. காய்கறிகளைப் போட்டுப் பெருந்தீயில் வதக்கும் கடை நூடுல்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; இதில் அடுப்பு வேலை மிகவும் குறைவு. குறைவாக இருப்பதாலேயே செய்யும் ஒவ்வொரு வேலையின் தரமும் சுவையில் அப்படியே தெரிந்துவிடுகிறது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் நூடுல்ஸ் குழைந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். அதைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை எள்ளை வறுக்கும் பதமும், அரைத்த விழுதில் தண்ணீர் சேர்க்கும் சில நிமிடங்களும் ஆகும். ஆகவே இக்கட்டுரையில் அவ்விரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த உணவுக்குச் சீனாவில் பல உறவுகள் உண்டு. சிச்சுவான் மாநிலத்தில் நூடுல்ஸை வேகவைத்து, எண்ணெய் தடவிப் பரப்பி, விசிறி ஆறவைத்து, எள் விழுது, சோயா சாஸ், வினிகர், சர்க்கரை, பூண்டு, மிளகாய் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைகிறார்கள். வூஹான் நகரத்தில் ஏறக்குறைய இதே எள் விழுதைச் சூடான நூடுல்ஸில் கலந்து காலை உணவாக உண்கிறார்கள். தைவானில் இது கோடைக்கால உணவு. தைப்பே நகரக் கடைகளில் குளிர்ந்த எள் நூடுல்ஸுடன் புளித்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப் ஒரு கிண்ணம் வாங்கிக் குடிப்பது வழக்கம். நியூயார்க்கின் சைனாடவுனில், ஈஸ்ட் பிராட்வே தெருவில் இருந்த ஹ்வா யுவான் உணவகத்தில், ஷார்ட்டி டாங் என்ற சமையல்காரர் 1960-களின் பிற்பகுதியிலிருந்து பரிமாறிய குளிர்ந்த எள் நூடுல்ஸ் அந்நகரம் முழுவதும் பெயர் பெற்றது. அதன்பின் அமெரிக்காவில் அதை வீட்டில் செய்யத் தொடங்கியவர்கள், கடைகளில் எளிதாகக் கிடைத்த வேர்க்கடலை வெண்ணெயை எள் விழுதுடன் சேர்த்தோ அதற்குப் பதிலாகவோ பயன்படுத்தினார்கள். கீழே விளக்கப்படுவது இந்த நியூயார்க் வழியை ஒட்டிய முறை. கடை வெண்ணெய்க்குப் பதிலாக வறுத்து அரைத்த கடலையையும், சிச்சுவான் பாணி மிளகாய் எண்ணெயையும் சேர்த்திருக்கிறேன்.

மூன்று பேர் வயிறார உண்ண, 250 கிராம் உலர்ந்த கோதுமை நூடுல்ஸ் போதும். விழுதுக்கு வெள்ளை எள் 100 கிராம், தோலுடன் கூடிய பச்சை வேர்க்கடலை 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பாதி விழுதுதான் ஒரு வேளைக்குச் செலவாகும்; ஆனால் இதைவிடக் குறைந்த அளவை மிக்சி சரியாகப் பிடித்து அரைக்காது. சாஸில் சேர்க்கச் சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, பூண்டு 2 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 100 மில்லிலிட்டர் வேண்டும். மேலே தூவ ஒரு வெள்ளரிக்காய், வெங்காயத்தாள் இரண்டு மூன்று, ஒன்றிரண்டாக உடைத்த, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. காரத்துக்கு மிளகாய் எண்ணெய். அதைச் செய்யும் முறை பின்னால் வருகிறது.

எள்ளெண்ணெய் பற்றி முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சீன, ஜப்பானிய, கொரியச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கப்படுவது, நன்றாக வறுத்த எள்ளிலிருந்து எடுத்த, கரும்பழுப்பு நிறமுள்ள எண்ணெய். அதில் சில துளிகளே பாத்திரம் முழுவதும் மணக்கும். நம் செக்குகளில் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து ஆட்டப்படும் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து வருவது. அதன் மணம் வேறு, மென்மையும் வேறு. ஒன்றுக்கு மற்றொன்று சரியான மாற்று ஆகாது. இருப்பினும், இந்த உணவில் வறுத்த மணத்தின் பெரும்பகுதி விழுதிலிருந்தே வருவதால், நல்லெண்ணெயைப் பயன்படுத்தினாலும் பெரிய இழப்பு இல்லை. எள்ளை இன்னும் சற்றுக் கூடுதலாகச் சிவக்க வறுத்துக்கொண்டால் போதுமானது. வறுத்த எள்ளெண்ணெய் கிடைத்தால், அதை அடுப்பில் காய்ச்சாமல் கடைசியில் மட்டும் சேருங்கள்.

இனி வறுக்கும் வேலைக்கு வருவோம். எள்ளில் சில சமயம் நுண்மணல் இருக்கும். சந்தேகம் இருந்தால் தண்ணீரில் அரித்து, வடித்து, துணியில் பரப்பி நன்றாக உலர்த்திய பிறகே வறுக்க வேண்டும். அடி கனமான வாணலியைச் சிறுதீயில் வைத்து, எள்ளை எண்ணெய் இல்லாமல் போட்டு, கை ஓயாமல் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் எதுவும் நடப்பதாகவே தெரியாது; பின்னர் எள் ஒவ்வொன்றாக வெடித்துத் துள்ளத் தொடங்கும்; அதன்பின் நிறம் விரைவாக மாறும். நான்கைந்து எள்ளை எடுத்து விரல்களுக்கு இடையில் நசுக்கிப் பாருங்கள். எளிதில் பொடிந்து, பச்சை வாடை முற்றிலும் நீங்கி, வறுத்த மணம் மட்டும் எழுந்தால் அதுதான் பதம். அந்தக் கணமே அகலமான தட்டில் கொட்டிவிட வேண்டும், ஏனெனில் அடுப்பை அணைத்தாலும் வாணலியின் சூடு எள்ளைத் தொடர்ந்து வறுத்துக்கொண்டே இருக்கும். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகவும் குறுகியது. கருகிய எள்ளின் கசப்பைச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது.

தோல் நீக்கிய வெள்ளை எள்ளே இதற்கு ஏற்றது. தோலுடன் கூடிய பழுப்பு எள்ளிலும் கறுப்பு எள்ளிலும் தோலினால் ஒரு சிறு கசப்பு உண்டு. எள்ளுருண்டையிலும் எள்ளுப்பொடியிலும் அந்தக் கசப்பு அழகாகப் பொருந்துகிறது. இங்கே, சோயாவின் உப்புடன் சேரும்போது, சற்று முரட்டுத்தனமாக நிற்கிறது. பழுப்பு எள் மட்டுமே கைவசம் இருந்தால் எள்ளைக் குறைத்து வேர்க்கடலையைக் கூட்டிக்கொள்ளலாம்.

வேர்க்கடலையைத் தனியாகத்தான் வறுக்க வேண்டும். அது எள்ளைவிட நெடுநேரம் எடுக்கும். வறுக்கும் முன் சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சை படர்ந்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கடலையில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகின்றன. வறுப்பதால் அது முழுமையாக அழிவதில்லை. சிறுதீயில் பொறுமையாக வறுத்து, தோல் வெடித்து எளிதாகக் கழலும் நிலையில் இறக்கி ஆறவைத்து, உள்ளங்கைகளுக்கு இடையில் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் குற்றமில்லை.

அரைப்பதற்கு முன் இரண்டும் முழுவதுமாக ஆறியிருக்க வேண்டும். மிக்சியின் சிறிய, உலர்ந்த ஜாரில் முதலில் எள்ளை மட்டும் போட்டு நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள். இந்த வரிசை முக்கியமானது: கடலையை முதலில் அரைத்தால் அது எண்ணெய் விட்டுக் குழம்பாகிவிடும், பிறகு சேர்க்கும் சிறிய எள் பிளேடில் சிக்காமல் வழுக்கி, விழுதில் முழுதாகவே தங்கிவிடும். எள் பொடிந்த பிறகு கடலையைச் சேர்த்து, அரை நிமிடம் ஓட்டுவதும், நிறுத்தி ஓரங்களை வழித்துவிடுவதும், மிக்சி ஆற விடுவதுமாக மாறி மாறிச் செய்யுங்கள். பொடியாக இருந்தது முதலில் கட்டிகளாகச் சேரும். பின்னர் ஜாரின் ஓரத்தில் ஒட்டும். அதன்பின் கடலை தன் எண்ணெயை வெளிவிட்டதும் பளபளப்பான விழுதாக மாறும். மிகவும் இறுகி நின்றால் ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ விடலாம். தண்ணீர் ஒரு துளிகூட இந்தக் கட்டத்தில் படக்கூடாது. பட்டால் விழுது இறுகுவதோடு, மீதியைச் சேமித்து வைக்கவும் முடியாமல் போகும்.

நேரமில்லாதவர்கள் கடையில் கிடைக்கும் வேர்க்கடலை வெண்ணெயையும், அரபுச் சமையலில் பயன்படும் தஹினியையும் சம அளவில் கலந்துகொள்ளலாம். வேர்க்கடலை வெண்ணெயில் சர்க்கரையோ வேறு கொழுப்போ சேர்க்கப்படாததைத் தேர்ந்தெடுங்கள். தஹினி பெரும்பாலும் வறுக்காத, அல்லது மிக லேசாக வறுத்த எள்ளில் செய்யப்படுவதால் வெளிறியும் மணம் குறைந்தும் இருக்கும். சீனக் கடைகளில் விற்கும் எள் விழுதோ நன்றாக வறுத்த எள்ளில் செய்யப்படுவதால் நிறமும் மணமும் ஆழ்ந்திருக்கும். தஹினியைப் பயன்படுத்தினால் வறுத்த எள்ளெண்ணெயைச் சற்றுத் தாராளமாக விடுங்கள். வீட்டில் அரைத்ததன் மணத்தை இவை எட்டுவதில்லை என்பதே என் கருத்து.

இப்போது சாஸ். ஓர் அகலமான கிண்ணத்தில் விழுதில் பாதியை, அதாவது சுமார் 100 கிராம், எடுத்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு மேசைக்கரண்டி அளவு விட்டுக் கலக்குங்கள். அதுவரை வழுவழுவென்று ஓடிய விழுது திடீரென்று இறுகி, திரிந்துபோனது போலத் திட்டுத் திட்டாக நிற்கும். இதைக் கண்டு பலரும் கெட்டுவிட்டதென எண்ணி எண்ணெயை ஊற்றுகிறார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். உண்மையில் நடப்பது இதுதான்: விழுது என்பது எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய எள், கடலைத் துகள்களின் கூட்டம், சிறிது தண்ணீர் வந்ததும் அத்துகள்கள் அதை உறிஞ்சி ஈரமாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரை மேலும் மேலும் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கக் கலக்க, தண்ணீரே அடித்தளமாகி, எண்ணெய் சிறு துளிகளாக அதில் சிதறிவிடுகிறது. அப்போது சாஸின் நிறம் வெளுத்து, திட்டுகள் கரைந்து, பட்டுப்போன்ற மென்மை வந்துவிடும். ஒவ்வொரு கரண்டித் தண்ணீரும் முழுமையாகக் கலந்த பிறகே அடுத்ததை விட வேண்டும். நான்கைந்து கரண்டிகளில் இந்த மாற்றத்தைக் கண்ணால் காணலாம்.

சாஸ் மென்மையானதும், இடித்த பூண்டு, துருவிப் பிழிந்த இஞ்சிச் சாறு, சர்க்கரை, சோயா சாஸ், வினிகர், எள்ளெண்ணெய் ஆகியவற்றைச் சேருங்கள். சோயா சாஸில் இளநிறமுள்ளது உப்புக்கும் சுவைக்கும், கருநிறமுள்ளது பெரும்பாலும் நிறத்துக்கும் பயன்படுவது. இங்கே இளநிறச் சோயாவே வேண்டும். கரிய சோயா மட்டுமே இருந்தால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் விடாமல், குறையும் உப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பின் அளவு பிராண்டுக்குப் பிராண்டு வேறுபடுவதால், முதலில் 2 மேசைக்கரண்டி விட்டு, சுவைத்துப் பார்த்த பின்னர் மீதியைச் சேர்ப்பது நல்லது.

வினிகரில் மிகச் சிறந்தது, ஜென்ஜியாங் நகரத்துக்குப் பெயர் பெற்றுத்தந்த, ஒட்டரிசியிலிருந்து நொதிக்கவைத்து எடுக்கப்படும் கரிய வினிகர். சாதாரண அரிசி வினிகரும் பொருந்தும். நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளைச் செயற்கை வினிகர் புளிப்பை மட்டும் தரும், மணம் தராது. அதைப் பயன்படுத்தினால் 2 தேக்கரண்டியுடன் நிறுத்திக்கொண்டு, சர்க்கரையை ஒரு சிட்டிகை கூட்டுங்கள். எலுமிச்சைச் சாறு கடைசி வழி. புளிக்கரைசல் வேண்டாம், அதன் மணம் எள்ளின் மணத்தை அமுக்கிவிடும்.

எல்லாம் சேர்ந்த பிறகு சாஸ், வழக்கமான தோசை மாவைவிடச் சற்று நீர்த்ததாகவும், ரவா தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். நூடுல்ஸுக்கு இது மிகவும் தண்ணீராக இருக்கிறதே என்று தோன்றும் அளவுக்கு விட்டுவிடுங்கள். நூடுல்ஸில் கலந்த சில நிமிடங்களில் மாவு ஈரத்தை இழுத்துக்கொள்வதால், கிண்ணத்தில் சரியாகத் தோன்றிய சாஸ் தட்டில் இறுகிப் பசையாகிவிடும். சாஸைத் தனியாகச் சுவைக்கும்போது உப்பும் புளிப்பும் சற்றுத் தூக்கலாகவே இருக்க வேண்டும், ஏனெனில் சுவையற்ற நூடுல்ஸ் அவற்றைத் தணித்துவிடும்.

மிளகாய் எண்ணெயை விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டியே செய்து வைக்கலாம். வெப்பத்தைத் தாங்கும் கிண்ணத்தில் கொரகொரப்பாக இடித்த வரமிளகாய் 2 மேசைக்கரண்டி போட்டு, 4 மேசைக்கரண்டி கடலை எண்ணெயை நன்றாகக் காய்ச்சி, அடுப்பை அணைத்து ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, ஒரு மிளகாய்த் துணுக்கை அதில் போட்டுப் பாருங்கள். அது கறுக்காமல் நுரைத்துப் பொரிந்தால், எண்ணெயை மிளகாயின் மீது ஊற்றிவிடலாம். நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு கிடைத்தால், அரைத் தேக்கரண்டி பொடித்துச் சேருங்கள். கொங்கணக் கடற்கரையில் மீன் குழம்பில் இடும் திர்பல் இதே பேரினத்தைச் சேர்ந்தது. நம் கருமிளகுக்கும் இதற்கும் உறவில்லை, ஆகவே மிளகை மாற்றாக இட வேண்டாம். பல நாள் வைத்திருக்கும் எண்ணெயில் பச்சைப் பூண்டைப் போடாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் இருக்கும் பூண்டில் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமிகள் வளரக்கூடும்.

நூடுல்ஸைப் பொறுத்தவரை, சுருள் சுருளாக எண்ணெயில் பொரித்து விற்கப்படும் உடனடி நூடுல்ஸைத் தவிருங்கள். ஹக்கா நூடுல்ஸ் என்ற பெயரில் விற்கும் நீளமான உலர்ந்த கோதுமை நூடுல்ஸ், முட்டை சேர்த்தோ சேர்க்காமலோ, இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. சோடா போன்ற காரத்தன்மையுள்ள உப்பைக் கரைத்த நீர் சேர்த்துப் பிசைந்த மஞ்சள் நிறப் பச்சை நூடுல்ஸ் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, ஏனெனில் அதன் துள்ளலும் வழவழப்பும் கெட்டியான சாஸைத் தாங்கும். ஸ்பகெட்டி மட்டுமே இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டு வேகவைத்தால் ஏறக்குறைய அந்தத் துள்ளல் வரும். தண்ணீர் நுரைத்துப் பொங்கும் என்பதால் பெரிய பாத்திரமாக வையுங்கள். அரிசிச் சேவையும் இடியாப்பமும் இந்த சாஸின் கனத்தில் உடைந்துபோகும்.

இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு நூடுல்ஸைப் போடுங்கள். சாஸில் உப்பு போதிய அளவு இருப்பதால் தண்ணீரில் உப்பு தேவையில்லை. சூடாகப் பரிமாறும் நூடுல்ஸைச் சற்று முன்னதாகவே எடுக்கலாம். ஆனால் ஆறும்போது நூடுல்ஸ் விறைக்கும் என்பதால், இதை முழுமையாக வேகவிட வேண்டும். ஓர் இழையை எடுத்துக் குறுக்கே நறுக்கி, நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்திருக்கிறதா என்று பார்த்து, மறைந்த உடனே வடித்துவிடுங்கள். பின் ஓடும் குளிர்ந்த நீரில் கையால் அலசி, மேலே படிந்த மாவுப்பசையை நீக்கி, வடிதட்டில் ஐந்து நிமிடம் விட்டு, அவ்வப்போது உதறிவிட்டு நீரை முற்றிலும் வடியவிடுங்கள். இந்த வடிப்பில் அவசரப்பட்டால், இழைகளில் நிற்கும் நீர் சாஸை நீர்க்கச் செய்து, அது ஒட்டாமல் தட்டின் அடியில் தேங்கிவிடும். வடிந்ததும் 2 தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் புரட்டி வைத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளாது.

பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் நூடுல்ஸைப் போட்டு, சாஸில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றி, இரண்டு முள்கரண்டிகளாலோ கையாலோ அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். இறுகினால் ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீர் தெளியுங்கள். மீதி சாஸை மேலே ஊற்றி, விதை நீக்கி மெல்லிய குச்சிகளாக நறுக்கிய வெள்ளரிக்காய், பொடியாக அரிந்த வெங்காயத்தாள், உடைத்த வேர்க்கடலை, மிளகாய் எண்ணெய் என்ற வரிசையில் தூவுங்கள். வெள்ளரிக்காயை விட்டுவிடாதீர்கள், கனமான சாஸுக்கு நடுவே அதன் ஈரமும் மொறுமொறுப்பும் இல்லாவிட்டால் பாதித் தட்டிலேயே திகட்டும். வேகவைத்துப் பிய்த்த கோழி நெஞ்சுக்கறி, மெல்லிய முட்டை அடையை நறுக்கிய கீற்றுகள், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த முளைப்பயறு ஆகியவற்றையும் சேர்க்கலாம்.

விருந்தினருக்குச் செய்வதாக இருந்தால், எள்ளும் வேர்க்கடலையும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல், பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் எள்ளும் சேர்ந்திருக்கிறது. சோயாவும் கோதுமையும் அப்பட்டியலில் முன்பே இருப்பவை.

கலந்த நூடுல்ஸைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதன் மாவு விறைத்து இழைகள் உதிரத் தொடங்கும். ஆகவே தேவையான அளவு மட்டும் கலந்து, மீதி சாஸைத் தனியாக மூடி வையுங்கள். பூண்டு சேர்த்த சாஸை இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். தண்ணீர் படாத விழுது, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில், குளிர்சாதனப் பெட்டிக்குள் சில வாரங்கள் கெடாமல் இருக்கும். எண்ணெய் மேலே பிரிந்து நின்றால் உலர்ந்த கரண்டியால் அடிவரை கலக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்து இறுகிய சாஸும் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். நூடுல்ஸ் தீர்ந்துபோயிருந்தால், அதை நசுக்கிய வெள்ளரிக்காயின் மீதோ ஆறிய கோழித்துண்டுகளின் மீதோ ஊற்றிப் பரிமாறலாம்.